நூலகக் குழுவில் பெயர் வந்துவிட்டதா? மலையகப் பொது நூலகக் குழு உறுப்பினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பொது நூலக ஆலோசனைக் குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் எழுப்புகிறார்கள். ஓய்வுபெற்ற அதிபர், தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர், கடைக்காரர், உயர்தரம் முடித்த இளைஞர் என்று யார் வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை. இலக்கம் போட்டிருக்கிறோம், பார்த்துக்கொள்ளுங்கள்.

1. நூலகக் குழுன்னா நூலகத்த நடத்துறவங்கதானே?

இல்லை. பொது நூலகம் உள்ளூராட்சி மன்றத்தின் சொத்து. நுவரெலியாவிலும் பதுளையிலும் மாநகர சபை, ஹட்டன்-டிக்கோயாவிலும் தலவாக்கலை-லிந்துலையிலும் நகர சபை, மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை போன்ற இடங்களில் பிரதேச சபை. கட்டடம், ஊழியர், பணம் எல்லாம் சபையின் பொறுப்பு. பிரதேச சபைகள் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும், மாநகர, நகர சபைகள் அவற்றுக்குரிய பழைய கட்டளைச் சட்டங்களின் கீழும் இயங்குகின்றன.

குழுவின் வேலை ஆலோசனை சொல்வது, பரிந்துரைப்பது, கண்காணிப்பது. சபை ஏதாவது ஓர் அதிகாரத்தை எழுத்தில் ஒப்படைத்திருந்தால் அந்த அளவுக்கு முடிவும் எடுக்கலாம். எழுத்தில் இல்லாத அதிகாரம் இல்லாத அதிகாரம்தான். "போன குழு அப்படித்தான் செய்தது" என்பது பதிலாகாது.

வாசகர் வட்டம் வேறு. அது வாசகர்கள் தாங்களே சேர்ந்து நடத்தும் அமைப்பு. சில ஊர்களில் இரண்டிலும் அதே ஆட்கள் இருப்பதால் பணமும் பதிவேடும் கலந்துவிடுகின்றன. வட்டத்தின் சந்தாப் பணத்தைக் குழுவின் கூட்டறிக்கையில் எழுத வேண்டாம்.

2. என்னைப் போட்டிருக்காங்க. முதல் வேலையா என்ன செய்யணும்?

முதல் கூட்டத்துக்கு முன்பே சபைச் செயலாளரிடமிருந்து நான்கு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்: குழுவை அமைத்த சபைத் தீர்மானத்தின் பிரதி, நூலகத்துக்கான உபவிதிகள், நடப்பு வருட வரவு செலவுத் திட்டத்தில் நூலகத்துக்குரிய பக்கம், கடந்த ஒரு வருடக் கூட்டறிக்கைகள். உங்கள் பதவிக்காலம், குழுவில் எத்தனை பேர், கோரம் (கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு) எவ்வளவு, யார் கூட்டத்தைக் கூட்டுவது என்பதெல்லாம் முதல் இரண்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால், அதைத் தெளிவுபடுத்தச் சொல்வதே உங்கள் முதல் பரிந்துரையாக இருக்கட்டும்.

அடுத்தது நூலகரிடம்: அங்கத்தவர் எண்ணிக்கை, மாதாந்தம் இரவல் போகும் நூல்கள், மொழிவாரியாகவும் வகைவாரியாகவும். நூல்களை விடயவாரியாக எண் போட்டுப் பிரிக்கும் டூயி பகுப்பில் தமிழ் இலக்கியம் 894.811, சிங்கள இலக்கியம் 891.48. இந்த இரண்டையும் சிறுவர் பகுதியையும் மட்டும் பிரித்துப் பார்த்தாலே ஊரின் வாசிப்பு பாதி விளங்கிவிடும். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் போய் வாசகராக உட்கார்ந்து பாருங்கள். யாருக்கும் சொல்லாமல் போங்கள்.

3. இதுக்குக் கொடுப்பனவு ஏதாச்சும் உண்டா?

பெரும்பாலும் இல்லை, கௌரவப் பணிதான். பயணச் செலவு தருவதாகச் சபை தீர்மானித்திருந்தால் வவுச்சர் போட்டு வாங்கலாம். நூலக அங்கத்துவத்திலும் உங்களுக்குத் தனிச் சலுகை கிடையாது. மற்றவருக்கு இரண்டு புத்தகம் என்றால் உங்களுக்கும் இரண்டுதான். பிந்தினால் தண்டப்பணமும் உண்டு.

4. நூலகர் எங்களுக்குக் கீழேயா வருவார்?

வர மாட்டார். நூலகர் சபையின் ஊழியர். நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று நடவடிக்கை எல்லாம் மாகாணப் பொதுச் சேவையின் ஒழுங்குகளின்படி நடக்கும். அன்றாட வேலையில் அவர் செயலாளருக்கும் தவிசாளருக்கும் பொறுப்பானவர். உறுப்பினர் ஒருவர் கவுன்டருக்குப் போய் "அந்த இறாக்கையை இந்தப் பக்கம் மாத்து" என்று சொன்னால் அது ஒரு வாசகரின் யோசனை மட்டுமே. கேட்பதும் விடுவதும் நூலகரின் விருப்பம்.

நூலகர்மீது முறைப்பாடு வந்தால் குழு விசாரணை நடத்தக்கூடாது. முறைப்பாட்டை எழுத்தில் வாங்கிச் செயலாளருக்கு அனுப்புங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாசகர் முன்னிலையில் ஊழியரைக் கண்டிப்பதை விடப் பிழையான காரியம் வேறில்லை. அதற்குப் பிறகு அந்த நூலகர் குழுவுக்கு உண்மை நிலவரத்தைச் சொல்லவே மாட்டார்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மலையக நூலகங்கள் பலவற்றில் நூலகர் தனி ஆளாக இரவல் கொடுத்து, பதிவு போட்டு, பருவ இதழ்களை அடுக்கி, கூட்டவும் செய்கிறார். ஆளணிப் பற்றாக்குறையைப் புள்ளிவிவரத்தோடு சபைக்கு எடுத்துச் சொல்லக் குழுவை விடப் பொருத்தமான வாய் இல்லை. ஊழியர் தனக்காகத் தானே கேட்க முடியாததை நீங்கள் கேட்கலாம்.

5. கூட்டத்துல பேசுறதெல்லாம் எழுதணுமா? எப்படி எழுதுறது?

பேசியதை எழுத வேண்டாம், முடிவானதை எழுதுங்கள். குழுவின் பலம் முழுவதும் கூட்டறிக்கையில்தான் இருக்கிறது. பரிந்துரை மட்டுமே செய்யக்கூடிய ஓர் அமைப்புக்குக் கையில் வேறு ஆயுதம் இல்லை.

"சிறுவர் பகுதி பற்றிக் கலந்துரையாடப்பட்டது" என்று எழுதினால் அது எங்கும் போகாது. இப்படி எழுதினால் போகும்: "சிறுவர் பகுதிக்கு 4 அடிக்கு மேற்படாத உயரத்தில் 4 இறாக்கைகள் வாங்க, இவ்வாண்டுத் தளபாடச் செலவுத் தலைப்பிலிருந்து நிதி வழங்குமாறு சபைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது. விலைமனு கோருமாறு செயலாளரிடம் கேட்கப்படுகிறது. நிலைமையை அடுத்த கூட்டத்தில் நூலகர் அறிவிப்பார்." என்ன, எவ்வளவு, எந்தப் பணம், யார், எப்போது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரும் வேண்டும். உடன்படாதவர் கேட்டால் அவருடைய மறுப்பையும் பதிய வேண்டும்.

இரண்டு மாதத்துக்கு ஒரு கூட்டம் போதும். நிகழ்ச்சி நிரல் ஏழு நாளுக்கு முன்னால் கையில் கிடைக்க வேண்டும், முந்திய கூட்டறிக்கையும் அதோடு வர வேண்டும். இரு மொழி பேசும் உறுப்பினர்கள் உள்ள குழுவில் கூட்டறிக்கையைத் தமிழிலும் சிங்களத்திலும் கேளுங்கள். விளங்காத தாளில் "சரியெனக் கண்டேன்" என்று கையெழுத்து வைப்பது நம் ஊர்களில் நெடுநாள் பழக்கம். அதை விட்டுவிட வேண்டும்.

6. நாங்க அனுப்புற பரிந்துரைய சபை கண்டுக்கிறதே இல்லையே?

முதலில் அது சபைக்குப் போனதா என்று பாருங்கள். கூட்டறிக்கை செயலாளரின் கோப்பிலேயே தங்கிவிடுவது சாதாரணம். "இந்தப் பரிந்துரையைச் சபையின் அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் சமர்ப்பிக்கவும்" என்று ஒரு வரி சேர்த்து, தனிக் கடிதமாக அனுப்பி, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். குழுவில் உள்ள சபை உறுப்பினர் அதைச் சபையில் பிரேரணையாகக் கொண்டுவர வேண்டும். அவர் குழுவில் இருப்பதே அதற்காகத்தான்.

அப்படியும் பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்தப் பிரசையும் சபையின் தகவல் அலுவலரிடம் கேட்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். உறுப்பினர் இதைப் பயன்படுத்துவது சபைக்குத் துரோகம் இல்லை. ஆனால் முதல் படியாக வேண்டாம். கடிதத்தில் முடியக்கூடிய காரியத்தைச் சட்டத்தில் தொடங்கினால் அடுத்த கூட்டத்தில் தேநீர்கூடக் கசக்கும்.

7. வரவு செலவுத் திட்டத்துல நூலகத்துக்குக் காசு எப்போ கேட்கணும்?

சபைகளின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. அடுத்த வருடத் திட்டம் டிசம்பர் முடியுமுன் நிறைவேற வேண்டும். ஆகவே உங்கள் மதிப்பீடு செப்டெம்பருக்குள் போய்ச் சேர வேண்டும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், அப்போது எல்லோரும் பதாகையும் பேச்சுப் போட்டியுமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். நவம்பரில் கேட்டால் "அடுத்த முறை பாப்போம்" என்ற பதில்தான்.

"புத்தகம்" என்று ஒரே தலைப்பில் கேட்காதீர்கள். நூல் கொள்வனவு, பத்திரிகை மற்றும் பருவ இதழ், நூல் கட்டும் திருத்தமும், தளபாடம், நிகழ்ச்சிகள் என்று பிரித்துக் கேளுங்கள். நான்கு நாளிதழ் எடுத்தால் வருடத்துக்கு 1,400 பிரதிக்கு மேல். பிரிக்காவிட்டால் பத்திரிகைக் கட்டணமே நூல் பணத்தைத் தின்றுவிடும். மதிப்பீட்டோடு ஒரு பக்கக் காரணமும் இருக்கட்டும்: போன வருடம் எத்தனை நூல் சேர்ந்தது, எத்தனை கிழிந்து வெளியே போனது, வாசகர் கேட்டு இல்லை என்று திருப்பி அனுப்பியவை எவை. கடைசி விடயத்துக்குக் கவுன்டரில் ஒரு கொப்பி வைத்தால் போதும். அந்தக் கொப்பியைப் போல வாதாடும் ஆவணம் வேறில்லை.

ஒதுக்கிய பணம் செலவாகாமல் போவதும் நடக்கிறது. ஜூன் கூட்டத்தில் "இதுவரை எவ்வளவு செலவு?" என்று கேளுங்கள். டிசம்பர் கடைசியில் அவசரமாக வாங்கும் புத்தகங்கள் கடைக்காரரிடம் தேங்கிக் கிடந்தவையாகவே இருக்கும்.

8. புத்தகம் தெரிவு செய்றது யாரு, நாங்களா நூலகரா?

பட்டியலைத் தயாரிப்பது நூலகர். குழுவோ அதன் தெரிவு உபகுழுவோ அதைப் பார்த்து யோசனை சொல்லும். கொள்வனவு சபையின் பெறுகை நடைமுறைப்படி, விலைமனு வாங்கி நடக்கும். உறுப்பினர் கடைக்குப் போய்த் தன் கைப்பட வாங்கிவந்து பற்றுச்சீட்டை நீட்டினால் கணக்காய்வில் மாட்டும். செப்டெம்பரில் கொழும்பில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் கழிவு விலைக்கு வாங்க வேண்டுமென்றால் அதற்கான அனுமதியை ஜூலையிலேயே சபையிடம் எடுத்துவிடுங்கள்.

பட்டியலைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை: ஏற்கெனவே இருக்கிறதா, பதிப்பு ஆண்டு என்ன, பாடத்திட்டம் மாறிய பிறகு வந்ததா, சிறுவர் நூலில் எழுத்தின் அளவு போதுமா, கட்டு தாங்குமா. தமிழ்நாட்டு வெளியீடுகள் மட்டும் நிறைந்த பட்டியல் வந்தால் கேள்வி எழுப்புங்கள். மலையகத்தில் எழுதப்பட்டவை பல சிறு பதிப்புகள், பெரிய கடைகளின் விலைப்பட்டியலில் வராது. எழுத்தாளரிடமோ வெளியீட்டு விழாவிலோதான் கிடைக்கும். ஊர் நூலகம் வாங்காவிட்டால் இருபது வருடம் கழித்து அது எங்கேயும் இருக்காது. "நூலகம்" என்ற பெயருடைய எண்ணிம நூலகம் 2005 முதல் இலங்கைத் தமிழ் வெளியீடுகளை ஆவணப்படுத்தி வருகிறது. அச்சில் கிடைக்காததை அங்கே தேடிப் பார்க்க வாசகருக்குச் சொல்லிக்கொடுக்கலாம்.

9. என் மச்சான் புத்தகக் கடை வச்சிருக்கார். அவர்கிட்ட வாங்குனா என்ன தப்பு?

அவர் விலைமனு கொடுப்பது தப்பில்லை. நீங்கள் அந்த முடிவில் உட்கார்ந்திருப்பதுதான் தப்பு. விடயம் வந்ததும் "இதில் எனக்கு உறவுத் தொடர்பு இருக்கிறது" என்று சொல்லி, அறையை விட்டு வெளியே போய், அதைக் கூட்டறிக்கையில் பதியச் செய்யுங்கள். பேசாமல் உள்ளே உட்கார்ந்திருப்பது போதாது. நீங்கள் இருக்கும்போது மற்றவர் வாய் திறக்கத் தயங்குவார்.

மற்றவர்களின் விலையை மச்சானுக்குச் சொல்வது வேறு வகைக் குற்றம். 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் நலன் முரண்பாட்டையும் தொடுகிறது. சின்ன நூலகம், சின்னத் தொகை என்பது காப்பாற்றாது.

10. நானே ஒரு கவிதைப் புத்தகம் போட்டிருக்கேன். 25 பிரதி நூலகம் எடுக்கலாமா?

9 ஆம் பதில் இங்கேயும் பொருந்தும், இன்னும் கடுமையாக. இரண்டு பிரதியை அன்பளிப்பாகக் கொடுங்கள், ஒன்று இரவலுக்கு, ஒன்று உசாத்துணைக்கு. அதற்கு மேல் தேவையென்றால் நீங்கள் குழுவில் இல்லாத காலத்தில் மற்றவர்கள் தீர்மானிக்கட்டும்.

11. வெளிநாட்டுல இருந்து பெட்டி பெட்டியா புத்தகம் அனுப்புறேன்னு சொல்றாங்க. வாங்கிக்கலாமா?

பட்டியல் கேட்டுவிட்டு வாங்குங்கள். அன்பளிப்பு என்றால் மறுக்கக்கூடாது என்று நினைக்கிறோம். ஆனால் பழைய பாடத்திட்ட வழிகாட்டிகளும், காலாவதியான மருத்துவ, கணினி நூல்களும், வேறு நாட்டுக் குழந்தைகளுக்கான ஆங்கிலப் பயிற்சிப் புத்தகங்களும் இறாக்கையை அடைத்துக்கொள்ளும். தரம் பிரிக்க, பதிய, உறை போட ஆளும் நேரமும் வேண்டும். சுங்கத்திலிருந்து மலைக்கு ஏற்றும் லொறிக் கூலி யார் தலையில் என்பதையும் முதலிலேயே கேளுங்கள்.

ஒரு பக்கத்தில் அன்பளிப்புக் கொள்கை எழுதிச் சபையின் அனுமதி வாங்கிவைப்பது நல்லது. ஏற்பதா மறுப்பதா என்பது நூலகரின் தீர்மானம், ஏற்றபின் நூல் சபையின் சொத்து, பொருந்தாததை வேறு பாடசாலைக்கோ நூலகத்துக்கோ கொடுக்கலாம், தனிப் பெயர்ப்பலகை போட்ட இறாக்கை கிடையாது என்ற நான்கு விடயங்கள் போதும். ஏற்கும் நூல் ஒவ்வொன்றும் சேர்க்கைப் பதிவேட்டில் அன்பளிப்பு என்ற குறிப்போடு ஏற வேண்டும். பணமாகக் கொடுத்தால் சபையின் காசாளரிடம் கட்டி உத்தியோகபூர்வப் பற்றுச்சீட்டு வாங்க வேண்டும். உறுப்பினர் கையில் பணம் வாங்கவே கூடாது, ஒரு நாளைக்குக்கூட.

12. தமிழ் ஆளுங்க நிறைய பேர் வாறாங்க, ஆனா சிங்களப் புத்தகம்தான் கூட. சண்டை போடாம எப்படிப் பேசுறது?

எண்ணிக்கையைக் கையில் வைத்துப் பேசுங்கள். மூன்று எண்கள் வேண்டும்: மொழிவாரி நூல் இருப்பு, மொழிவாரி இரவல், மொழிவாரி அங்கத்தவர். தமிழ் நூல் ஒன்று வருடத்துக்கு ஆறு முறை இரவல் போகிறது, மற்றது ஒரு முறை என்று காட்டினால் அதில் இனம் இல்லை, தேவைதான் தெரியும். அதே கணக்கு ஒரு கிளை நூலகத்தில் சிங்கள வாசகருக்குச் சாதகமாக வந்தால் அதையும் நீங்களே சொல்ல வேண்டும். அப்போதுதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு.

சேவை மொழி என்பது சலுகை இல்லை. தமிழும் அரச கரும மொழி. 1999 இல் நுவரெலியா மாவட்டப் பிரதேச செயலகப் பிரிவுகளும் பதுளை மாவட்டத்தில் சிலவும் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. அங்கத்துவப் படிவம், அறிவித்தல், இறாக்கைப் பெயர், தண்டப் பற்றுச்சீட்டு ஆகியவற்றைத் தமிழிலும் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். பெயர்ப்பலகையில் எழுத்துப்பிழை இருந்தால் அச்சடிக்குமுன் பார்த்துக் கொடுக்கும் வேலையை ஓர் உறுப்பினர் ஏற்றுக்கொள்ளலாம். மிக எளிய உதவி, மிக அரிதாகச் செய்யப்படுவது.

13. தோட்டத்துப் பிள்ளைங்க அங்கத்தவராக முடியலன்னு திரும்பிப் போறாங்க. ஏன்?

பெரும்பாலும் பிணைக் கையெழுத்தினால். பல நூலகங்களின் விதியில் பிணையாளி சபை எல்லைக்குள் வரிப்பணம் செலுத்தும் ஆதன உரிமையாளராகவோ அரச ஊழியராகவோ இருக்க வேண்டும். லயத்தில் இருப்பவருக்கு வீட்டுக்கு உறுதியே இல்லை, வரி எங்கே கட்டுவது? வதிவிடச் சான்றுக்குக் கிராம உத்தியோகத்தரைத் தேடி ஒரு நாள் கூலியை விட வேண்டும். விதியை எழுதியவர் யாரையும் தடுக்க நினைத்திருக்க மாட்டார், நகரத்து வீட்டுக்காரரை மனதில் வைத்து எழுதினார். விளைவு ஒன்றுதான்.

குழு செய்யக்கூடியது இது. பிணையாளிப் பட்டியலில் பாடசாலை அதிபர், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர், வேறொரு நீடித்த அங்கத்தவர் ஆகியோரைச் சேர்க்கும்படி உபவிதித் திருத்தத்தைப் பரிந்துரையுங்கள். அதுவரைக்கும் மாற்று வழியாகப் பாடசாலை ஊடாகக் கூட்டு அங்கத்துவம்: அதிபர் கையெழுத்திட்டு 30 முதல் 50 நூல்களை ஒரு தவணைக்கு எடுத்துப்போவது. இதற்குத் தனிப் பதிவேடு வேண்டும். நூல் தொலைந்தால் யார் பொறுப்பு என்பதை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஆசிரியர்கள் அலுமாரியைப் பூட்டியே வைத்திருப்பார்கள்.

"தோட்டத்துக்குச் சபைப் பணம் போடச் சட்டம் இல்லை" என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2018 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் திருத்தச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை சேவை செய்ய வழி திறந்துவிட்டது. நடமாடும் நூலகமோ தோட்டத்தில் ஒரு வாசிப்பு நிலையமோ கேட்கும் கடிதத்தில் இந்தச் சட்ட இலக்கத்தை எழுதுங்கள். தோட்ட நிர்வாகத்தின் கட்டடமென்றால் துரையின் எழுத்து அனுமதியும் வேண்டும்.

14. திறக்கிற நேரத்த மாத்தச் சொல்லலாமா?

சொல்லலாம், சொல்ல வேண்டும். வார நாளில் மாலை ஐந்துக்கு மூடும் நூலகம் கொழுந்து நிறுத்துவிட்டு வருகிறவருக்கும் கடைசி பஸ்ஸில் வரும் மாணவருக்கும் இல்லாத நூலகம்தான். ஞாயிறு திறந்து ஒரு வார நாளில் மூடும் முறை நன்றாகப் பொருந்தும். ஆனால் ஊழியரின் மேலதிக நேரம், பதில் விடுமுறை இரண்டையும் செயலாளரோடு பேசாமல் பரிந்துரைக்காதீர்கள். 4 ஆம் பதிலை மறந்துவிடக்கூடாது.

15. புத்தகமெல்லாம் பூஞ்சை பிடிச்சிருக்கு. இது குழுவோட வேலையா?

பூஞ்சையைத் துடைப்பது உங்கள் வேலை இல்லை, கூரையைப் பார்க்கச் சொல்வது உங்கள் வேலை. காற்றில் ஈரப்பதம் 65 வீதத்தைத் தாண்டி நீடித்தால் தாளில் பூஞ்சை வளரத் தொடங்கும். நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் மழைக்காலம் முழுவதும் அதற்கு மேலேயே நிற்கும். ஈரப்பதமானி ஒன்று அதிக விலையில்லை. வாங்கி வைத்துக் காலை, மாலை அளவைக் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு "ஈரமா இருக்கு" என்ற முறைப்பாடு எண்ணாக மாறும்.

வருடத்துக்கு ஒரு தடவை குழு கட்டடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும், மழைக்கு முன்னால். ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேல் மழை மே மாதத்தில் தொடங்கும், ஆகவே ஏப்ரல். பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆண்டின் கடைசி மாதங்களில்தான் அடைமழை, ஆகவே செப்டெம்பர். பீலியில் டர்ப்பன்டைன் மரத்து இலை அடைத்திருக்கிறதா, தகரத்தில் ஆணித் துளை ஒழுகுகிறதா, மண்மேடு பின்சுவரைத் தொட்டு நிற்கிறதா என்று பாருங்கள். கடைசியானதுதான் மலைச்சரிவுக் கட்டடங்களில் சுவர் ஊறுவதற்கு முக்கிய காரணம். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் மண்ணை வெட்டி வடிகால் போடாமல் தீராது.

உள்ளே, இறாக்கைக்கும் வெளிச்சுவருக்கும் இடையே 10 சென்ரிமீற்றராவது இடைவெளி, அடித்தட்டு நிலத்திலிருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர் உயரம், நூல்களை நெருக்கித் திணிக்காமல் ஒரு விரல் போகுமளவு தளர்ச்சி. மழை இல்லாத பகலில் எதிரெதிர் யன்னல் திறக்க வேண்டும், மூடுபனி இறங்குமுன் மூட வேண்டும். பூஞ்சை கண்ட நூலை ஈரத்துணியால் துடைத்தால் அது தாளுக்குள் இறங்கும். தனியே எடுத்து, காயவைத்து, வெளியில் முகக்கவசத்தோடு மென்தூரிகையால் தட்ட வேண்டும். ஒழுகி நனைந்த நூல்களுக்கு 48 மணித்தியாலம்தான் அவகாசம். செங்குத்தாக விரித்து நிறுத்தி மின்விசிறிக் காற்றில் வையுங்கள், வெயிலிலோ அடுப்படியிலோ வைக்காதீர்கள். பளபளப்புத் தாள் நூல்கள் ஒட்டிக்கொண்டால் பிரியாது, அவற்றை முதலில் கவனியுங்கள்.

16. கணக்கெடுத்தப்போ 300 புத்தகம் குறையுது. எங்க தலையில வருமா?

குழுவின் தலையில் வராது, ஆனால் குழு கேட்காமல் விட்டிருந்தால் கூட்டறிக்கை அதைக் காட்டிக்கொடுக்கும். வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பு சபை நியமிக்கும் உத்தியோகத்தர்களின் வேலை. அறிக்கையில் மூன்று வகையையும் பிரித்துக் கேளுங்கள்: இரவலில் போய்த் திரும்பாதவை, இறாக்கையிலிருந்து காணாமற் போனவை, பாவனைக்கு உதவாமல் கழிக்க வேண்டியவை. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு நினைவூட்டல் கடிதம், இரண்டாவதற்கு வாசல் அமைப்பும் கண்காணிப்பும், மூன்றாவதற்குச் சபையின் கழித்தல் அனுமதி.

கிழிந்ததை நூலகரோ உறுப்பினரோ தானாக எரிக்கவோ பழைய பேப்பர்க்காரருக்குப் போடவோ கூடாது. பதிவேட்டில் நூல் இருக்கும், இறாக்கையில் இருக்காது, அதன் பெறுமதி பொறுப்பான ஊழியரிடமிருந்து அறவிடப்படலாம். உள்ளூர் வரலாறு, தோட்டத்துத் தொழிற்சங்க மலர்கள், பாடசாலை நூற்றாண்டு மலர்கள் கழித்தல் பட்டியலில் இருந்தால் நிறுத்திவையுங்கள். பார்ப்பதற்குக் குப்பைபோல இருக்கும், மாற்றுப் பிரதி கிடைக்காது.

17. ஒருத்தர் வந்து இந்தப் புத்தகம் நம்ம சமயத்தக் கேவலப்படுத்துது, எடுங்கன்னு சத்தம் போடுறார். என்ன சொல்றது?

அந்த இடத்தில் எதையும் ஒத்துக்கொள்ள வேண்டாம். எந்த நூல், எந்தப் பக்கம், முழுவதும் வாசித்தாரா, என்ன செய்ய வேண்டும் என்கிறார் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பாதிப் பேர் போய்விடுவார்கள். எழுதித் தந்தவருக்குத் திகதியிட்ட பதில் உண்டு. விசாரிக்கும்வரை நூல் இறாக்கையிலேயே இருக்கும்.

நூலகரும் இரண்டு உறுப்பினரும் முழுவதும் வாசித்துவிட்டு எழுத்தில் கருத்துக் கொடுக்கட்டும். 2022 இல் புதுப்பிக்கப்பட்ட யுனெஸ்கோ பொது நூலகப் பிரகடனம், நூலகச் சேர்க்கையும் சேவையும் கருத்தியல், அரசியல், சமயத் தணிக்கைக்கோ வணிக அழுத்தத்துக்கோ உட்படக்கூடாது என்கிறது. பதில் கடிதத்தில் அதைக் குறிப்பிடலாம். சட்டம் தடைசெய்த நூலென்றால் விடயம் வேறு, அது செயலாளரின் முடிவு. வளர்ந்தவருக்கான நூல் சிறுவர் பகுதியில் தவறி இருந்தால் இடத்தை மாற்றுவது தணிக்கை ஆகாது.

18. ஒரு அப்பா வந்து, என் மக என்ன புத்தகம் எடுத்திருக்கா, யாரு கூட வாறான்னு கேட்கிறார். சொல்லலாமா?

யாரோடு வருகிறாள் என்பதை யாருக்கும் சொல்லக்கூடாது. என்ன எடுத்தாள் என்பதும் வாசகரின் தனிப்பட்ட விடயம். சிறு பிள்ளைக்குப் பெற்றோர் பிணை நின்றிருந்தால் திரும்பாத நூலின் பெயரைச் சொல்லலாம், அதற்கு மேல் வேண்டாம். உறுப்பினருக்கும் இரவல் பதிவைப் புரட்டும் உரிமை இல்லை. 2 ஆம் பதிலில் சொன்ன புள்ளிவிவரம் பெயர் இல்லாத எண்கள் மட்டுமே. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நினைவில் வைத்திருங்கள். பொலிஸ் கேட்டால் செயலாளருக்கு அனுப்புங்கள், எழுத்தில் வரட்டும்.

19. யூனியன் கூட்டத்துக்கு நூலக மண்டபத்தக் கேட்கிறாங்க. நானும் அந்த யூனியன்தான்.

மண்டப வாடகைக்கு விதி இருந்தால் எல்லாச் சங்கத்துக்கும் ஒரே விதி, ஒரே கட்டணம். இல்லையென்றால் யாருக்கும் கொடுக்காமல் முதலில் விதியை எழுதுங்கள். உங்கள் சங்கம் என்பதால் 9 ஆம் பதிலின்படி விலகி நில்லுங்கள். தேர்தல் அறிவித்த பின் எந்தக் கட்சியின் துண்டுப்பிரசுரமும் கவுன்டரில் இருக்கக்கூடாது. புத்தகப்பைகளில் வேட்பாளர் படம் போட்டுத் தரும் அன்பளிப்பையும் திருப்பி அனுப்புங்கள்.

20. வட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் சரின்னுட்டாங்க. அது தீர்மானம்தானே?

இல்லை. கட்டைவிரல் அடையாளம் முன்மொழிவும் ஆகாது, வழிமொழிவும் ஆகாது. குரூப்பைக் கூட்டத் திகதி சொல்லவும் ஆவணம் அனுப்பவும் வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாக எதையாவது குரூப்பில் பேசி முடித்திருந்தால் அடுத்த கூட்டத்தில் முறையாக எடுத்துப் பதிய வேண்டும், அதுவரை செலவு செய்யக்கூடாது. வாசகர் பெயரையும் ஊழியர்மீதான முறைப்பாட்டையும் அதில் போடவே கூடாது.

21. தலைவர் வீட்டுக்கே வந்து, கூட்டம் நடந்த மாதிரி கையெழுத்துப் போடுங்கன்னு கேட்கிறார். முகத்துக்கு நேரா எப்படி மறுக்கிறது?

"கூட்டம் வைங்க ஐயா, வந்து போடுறேன்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நடக்காத கூட்டத்துக்குக் கையெழுத்து வைத்தால் பொய் ஆவணத்தில் நீங்கள் பங்காளி. கணக்காய்வாளர் நாயகத்தின் உத்தியோகத்தர்கள் கொடுப்பனவு வவுச்சரோடு கூட்டறிக்கைத் திகதியை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்தத் திகதியில் நீங்கள் கொழும்பில் இருந்ததற்கு பஸ் டிக்கெட் போதும்.

உண்மையிலேயே அவசரமென்றால் விசேட கூட்டம் கூட்ட வழி இருக்கும், உபவிதியைப் பாருங்கள். கோரத்துக்கு ஆள் வராததுதான் பிரச்சினை என்றால், மூன்று கூட்டத்துக்குக் காரணமின்றி வராதவர் இடத்தை நிரப்பும்படி சபைக்கு எழுதுங்கள்.

22. நான் எதிர்த்த முடிவப் பத்தி முகநூல்ல எழுதலாமா?

உங்கள் மறுப்பு கூட்டறிக்கையில் இருக்கிறதென்றால், "நான் இதற்கு உடன்படவில்லை, காரணம் இது" என்று எழுதலாம். யார் என்ன பேசினார் என்றோ, விலைமனு விபரத்தையோ, ஊழியர் பெயரையோ எழுதக்கூடாது. பத்திரிகைக்குக் குழுவின் சார்பில் பேசுவது குழு நியமித்தவர் மட்டும். நூலகத்தின் பெயரில் தனிப் பக்கம் தொடங்கி உறுப்பினர் ஒருவர் நடத்துவது பிற்காலத்தில் கடவுச்சொல் சண்டையில் முடியும். பக்கம் வேண்டுமென்றால் சபையின் மின்னஞ்சலில் திறந்து நூலகரிடம் இருக்கட்டும்.

23. சபை கலைஞ்சா குழுவும் கலைஞ்சிடுமா?

தீர்மானத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தபின் 2025 மே தேர்தல்வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமல் செயலாளர்களும் ஆணையாளர்களும் நிர்வாகத்தைக் கொண்டுபோனார்கள். நூலகங்கள் திறந்தே இருந்தன. அப்படியொரு காலத்தில் குழுவின் பதவிக்காலமும் முடிந்திருந்தால் அது குழுவாகக் கூடித் தீர்மானிக்க முடியாது. தனி ஆட்களாக யோசனை எழுதிக் கொடுக்கத் தடையில்லை.

புதிய சபை வந்ததும் பழைய குழு தானாகத் தொடரும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் மாதத்திலேயே எழுத்தில் கேளுங்கள். நிறைவேறாத பரிந்துரைகளைத் திகதியோடு ஒரே தாளில் தொகுத்துப் புதிய தவிசாளருக்குக் கொடுங்கள். 5 ஆம் பதிலில் சொன்னபடி எழுதியிருந்தால் அரை நாள் வேலை, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

24. எனக்கு நேரமில்ல, விலகணும். சும்மா வராம விட்டா போதாதா?

போதாது. வராத பெயர் கோரத்தைக் கெடுக்கும், அந்த இடத்துக்கு இன்னொருவர் வரவும் முடியாது. தவிசாளருக்கு முகவரியிட்டு ஒரு வரியில் கடிதம், பிரதி செயலாளருக்கு, நடைமுறைக்கு வரும் திகதியோடு. காரணம் எழுத வேண்டியதில்லை. கையிலுள்ள குழுக் கோப்புகளைச் செயலாளரிடம் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் எடுத்த புத்தகங்களையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மறதியாக அலுமாரியில் கிடப்பவை உட்பட.